மிச்சம் நான்கு ஆள்: கும்மிடிப்பூண்டியும் திருவாலங்காடும் போய் வந்த கதை

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பினேன். ஊர் பார்க்கப் போகவில்லை, வேலையாகத்தான் போனேன். போன வேலை ஒரு நாளில் முடிந்திருக்க வேண்டியது. ஆறு நாள் இழுத்துக்கொண்டது. என்னைப் போல ஆலை வேலையாக அந்தப் பக்கம் போகிறவர்கள் இனி நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் ரயில் நேரம், கட்டணம், தூரம் எல்லாவற்றையும் கூடவே எழுதிவிடுகிறேன். நயா பைசா வரப்போகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். அதுவரை அணாதான், வந்த பிறகு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுவது நல்லது. ஓர் அரிசி ஆலை முதலாளியிடம் வேலை செய்கிறேன். அவருக்கு ஜார்ஜ் டவுனில் அலுவலகம், திருவள்ளூரில் ஓர் ஆலை, கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆலை. பெயர்கள் வேண்டாம். சென்ற வருடம் மேற்பார்வையாளர்களுக்கென்று நடந்த ஐந்து நாள் வகுப்புக்கு முதலாளி என்னை அனுப்பிவைத்தார். ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து எழுது; ஒவ்வொரு படியையும் இது ஏன், எங்கே, எப்போது, யார், எப்படி என்று கேள்; வேண்டாததை விடு, மற்றதைச் சேர், வரிசை மாற்று, எளிதாக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை செய்கிறவரைக் கேள், அவருக்குத்தான் தெரியும். இதுதான் பாடம். வகுப்பில் சொன்ன அத்தனையும் சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். தப்பு வேறு இடத்தில் நடந்தது.

வகுப்பு முடிந்த கையோடு ஆவணி மாதம் திருவள்ளூர் ஆலையில் நுழைந்தேன். கையில் நேரம் அளக்க நிறுத்தும் கடிகாரம், அட்டையில் படிவம், முகத்தில் ஏகப்பட்ட கௌரவம். அங்கே நெல்லைத் தொட்டியில் ஊறவைத்து, ஆவியில் புழுக்கி, கூடை கூடையாகத் தலையில் சுமந்து போய்ச் சிமெண்டுக் களத்தில் கொட்டிக் காயவைப்பார்கள். களத்தில் பன்னிரண்டு பெண்கள். தொட்டிக்கும் களத்துக்கும் நடுவே ஒரு சுவர் இருந்தது. சுவரில் ஒரு கதவும் இருந்தது. யாரோ எப்போதோ நெல் திருடினார்கள் என்று பூட்டி வைத்தது, பூட்டியே கிடந்தது. ஒவ்வொரு கூடைக்கும் ஆலையையே சுற்றிக்கொண்டு நூற்று நாற்பது எட்டு எடுத்துவைத்து நடந்தார்கள். கதவைத் திறந்தால் நாற்பது எட்டு. இதை எனக்குச் சொன்னவர் கன்னியம்மாள் என்ற களத்துப் பெண். முப்பது வயதிருக்கும், பேச்சு வெடுக்கென்று வரும். இரண்டு பேர் நின்று நிரப்பிக் கொடுத்தால் மற்றவர்கள் வரிசையில் காத்திருக்க வேண்டாம் என்றும் அவர்தான் சொன்னார்.

அவர்களிடம் பேச்சு வாங்குவதற்காக நான் ஒரு வாக்குக் கொடுத்தேன். யோசனை சொல்வதால் யார் வேலையும் போகாது என்று களத்தின் நடுவில் நின்று சொன்னேன். கதவு திறந்தது. வேலை சுருங்கியது. படிவத்தின் கடைசிக் கட்டத்தில் ‘மிச்சம்: நான்கு ஆள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். களத்துச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டி, ‘யோசனை தந்தவர்: கன்னியம்மாள்’ என்று என் கையாலேயே எழுதினேன். முதலாளி தோளில் தட்டினார். அதற்குப் பிறகு அந்த ஆலைப் பக்கம் நான் போகவே இல்லை.

இதையேதான் கும்மிடிப்பூண்டியிலும் செய்துவிட்டு வா என்று அனுப்பினார்.

சென்ட்ரலில் காலை 6.40 பாசஞ்சர். கும்மிடிப்பூண்டி முப்பது மைலுக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றாம் வகுப்புக் கட்டணம் பன்னிரண்டு அணா. எண்ணூர் தாண்டும்போது கழிமுகத்தின் மேல் பாலம் வரும். அந்த நேரத்தில் அடிக்கிற உப்புக் காற்றுக்குத் தலையைத் துண்டால் மூடிக்கொள்ளுங்கள். பெட்டியில் பழவேற்காட்டு வியாபாரி ஒருவர், ராவுத்தர், காலிக் கருவாட்டுக் கூடைகளோடு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வாசனைக்கு மன்னிப்புக் கேட்பதுபோல எனக்கு ஜன்னல் ஓரத்தைக் கொடுத்தார். நாஷ்டா பண்ணுவதானால் பொன்னேரியிலேயே பண்ணிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் ஒன்றும் தேறாது என்று சொல்லிவிட்டு அங்கேயே இறங்கிப்போனார். நான் கேட்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் 8.25க்கு இறங்கியபோது ஸ்டேஷன் வாசலில் டீயும் ஒரு தட்டு வறுத்த கடலையும்தான் இருந்தன. நீங்களாவது கேளுங்கள்.

ஆலை ஸ்டேஷனிலிருந்து ஒரு மைல், இருபது நிமிட நடை. வழியில் சவுக்குக் கட்டைகளை அடுக்கிய வண்டிகள் எதிரே வந்துகொண்டே இருக்கும், ஒதுங்கி நடக்க வேண்டும். களத்தில் பதினைந்து பெண்கள். மேஸ்திரி என்னை அறிமுகப்படுத்தினார். நான் திருவள்ளூரில் சொன்னதையே மறுபடி சொன்னேன். அப்புறம் நாகம்மா என்பவரிடம் முதல் கேள்வியைக் கேட்டேன். வரிசையில் முதலாவதாக நின்றவர் அவர். கூடையை ஏன் பாய்லர் கொட்டகையைச் சுற்றி எடுத்துப் போகிறீர்கள்?

“மேஸ்திரி சொன்னாரு” என்றார்.

ஏன் இரண்டு தடவை கொட்டி அள்ளுகிறீர்கள்? மேஸ்திரி சொன்னார். ஏன் இந்த மூலையில் ஆரம்பிக்கிறீர்கள்? மேஸ்திரி சொன்னார். அடுத்த பெண்ணைக் கேட்டேன். அவருக்கும் மேஸ்திரிதான் சொல்லியிருந்தார். பதினைந்து பேரும் ஒரே பதில். மத்தியானத்துக்குள் என் படிவத்தில் பதினைந்து வரி, எல்லாம் ஒன்றே. பாவம் மேஸ்திரி, தான் எதையும் சொல்லவில்லை என்று ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நாலு சத்தம் போட்டால் வழிக்கு வருவார்கள், போடட்டுமா என்று என்னைக் கேட்டார். எனக்கும் கோபம் தலைக்கேறியிருந்தது. போடுங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். நாகம்மா வந்து பக்கத்தில் நின்றார். குரலில் கோபம் இல்லை. விலை சொல்வதுபோலத்தான் சொன்னார்.

“திருவள்ளூர்ல கன்னிமாவும் உங்களுக்கு வாயத் தொறந்து சொன்னா. இப்ப நாலு பேரு ஊட்ல குந்திக்கினு கீறாங்க. லாரில மூட்ட ஏத்த வர்ற ஆளுங்க எல்லாம் சொல்லிட்டாங்க ஐயா. கன்னிமா வந்து இங்க நின்னு சொல்லட்டும். அப்பால நாங்க சொல்றோம்.”

நான்கு பேரையும் வேறு வேலைக்கு மாற்றியிருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அதைப் பற்றி நினைக்கவே இல்லை. மாலை 5.10 வண்டியில் சென்னை திரும்பும் வரை ‘மிச்சம்’ என்று நான் எழுதிய அந்தக் கட்டம்தான் கண் முன்னால் நின்றது. வெட்கமாக இருந்தது.

மறுநாள் திருவள்ளூர். சென்ட்ரலில் காலை 7.10க்கு வண்டி. இருபத்தாறு மைல், பதினோரு அணா. ஆவடி வரை தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்கள் கூட்டம் நெரியும், அதற்குப் பிறகு உட்கார இடம் கிடைக்கும். செவ்வாப்பேட்டையில் எதிர் வண்டிக்காகப் பதினைந்து நிமிடம் போட்டுவிட்டார்கள். திருவள்ளூரில் இறங்கும்போது 8.50. ஸ்டேஷனிலிருந்து ஆலைக்குக் குதிரை ஜட்கா நான்கு அணா. கேட்கிறதைக் கொடுக்காதீர்கள், ஆறு கேட்பார்கள்.

களத்தில் ஏழு பெண்கள். கதவு திறந்திருந்தது. கூடைகள் நேராக, சிக்கனமாக, நான் வரைந்த கோட்டில் போய்க்கொண்டிருந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. என் கரும்பலகையும் சுவரில் இருந்தது. எழுத்து அழியவில்லை. கன்னியம்மாளின் பெயருக்கு மேல் வெற்றிலை எச்சில் வழிந்து காய்ந்திருந்தது.

நடந்ததை அந்த ஆலை மேஸ்திரி சாவகாசமாகச் சொன்னார். என் படிவம் போன மறு மாதம், புரட்டாசியில், முதலாளி நான்கு பேரை நிறுத்திவிட்டார். காகிதத்தில் ‘மிச்சம்’ என்று இருந்தது, நிறுத்தினார், அவ்வளவுதான். அந்த நால்வரில் ஒருத்தி தனபாக்கியம், கன்னியம்மாளின் நாத்தனார். ஐப்பசியில் ஒரு நாள் சாயங்காலம் மழை சடசடவென்று இறங்கியது. முன்பெல்லாம் பன்னிரண்டு பேர் பாய்ந்து நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டுவிடுவார்கள். எட்டுப் பேரால் முடியவில்லை. ஒரு களம் நெல் முழுக்க நனைந்து நாறிப்போனது. அதற்கும் திட்டு வாங்கியவர்கள் அந்த எட்டுப் பேர்தான். மற்ற பெண்கள் கன்னியம்மாளோடு பேச்சை நிறுத்தினார்கள். பத்து நாள் தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டாராம். அப்புறம் வேலைக்கு வரவில்லை. திருவாலங்காட்டில் அண்ணன் வீட்டில் இருப்பதாகக் கேள்வி என்றார்.

11.20க்கு அரக்கோணம் போகும் பாசஞ்சர் இருக்கிறது. திருவாலங்காடு பத்து மைலுக்குச் சற்று மேல், நான்கரை அணா, நாற்பது நிமிடம். ஸ்டேஷனிலிருந்து ஊர் தள்ளி இருக்கிறது. இரண்டு மைலுக்குக் குறையாது. ஜட்காவுக்கு எட்டு அணா, இரண்டு பேர் சேர்ந்தால் ஆளுக்கு நாலு. வண்டிக்காரர் என் கைப்பையைப் பார்த்ததுமே முடிவு கட்டிவிட்டார்.

“கோயிலுக்கா சார்? நட சாத்திருப்பாங்க. சாயங்காலம்தான் தொறப்பாங்க.”

கோயிலுக்கு இல்லை, ஓர் ஆளைப் பார்க்க என்றேன். நடராசருக்கு உள்ள ஐந்து சபைகளில் ஒன்று இங்கே இருக்கும்போது ஆளைப் பார்க்க வருகிறவனை அவர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். கோபுரம் தெரிந்த இடத்தில் வண்டியிலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டேன். உள்ளே போகிற மனநிலை இல்லை. நீங்கள் தரிசனத்துக்குப் போவதானால் விடியற்காலை வண்டியைப் பிடியுங்கள்.

கன்னியம்மாள் ஊருக்கு வெளியே வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். கூட ஐந்தாறு பெண்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து வரப்புக்கு வந்தார். மண் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். வாங்க என்று சொல்லவில்லை.

“இப்ப இன்னாத்துக்கு வந்தீங்க?”

நான்கு பேரை நிறுத்தியது எனக்குத் தெரியாது என்றேன். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. தெரியாமல் இருந்ததுதான் குற்றம் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேறொன்றைச் சொன்னார்.

“நான் மூணு சொன்னேன். ரெண்டுதான எழுதினீங்க?”

எனக்குப் புரியவில்லை.

“கதவத் தொறக்கச் சொன்னேன். ரெண்டு பேர ரொப்பிக் குடுக்க நிறுத்தச் சொன்னேன். நட கொறஞ்சா நாலு பேரு கை சும்மா இருக்கும், அந்த நாலு பேர நெல்லு கிளற வுடுங்க, சீக்கிரமா காயும், மழ வந்தா அள்றதுக்கும் ஆளு கெடைக்கும்னு சொன்னேனா இல்லியா? பென்சிலால எழுதினீங்க. நான் பாத்துக்கினு இருந்தேன். அந்த நோட்டுல இருக்குதா பாருங்க.”

அந்தக் குறிப்பேடு பையில்தான் இருந்தது. படிவத்தில் நல்ல எழுத்தில் ஏற்றுவதற்கு முன்னால் கிறுக்குகிற நோட்டு. ஆவணிப் பக்கங்களைப் புரட்டினேன். இருந்தது. என் கையெழுத்தில், மூன்றாவது வரியாக, கிளறுவதும் மழையும் இரண்டும் இருந்தன. அதன் மேல் நீளமாக ஒரு கோடு. ஓரத்தில் ‘படிவத்தில் இடமில்லை’ என்று ஒரு குறிப்பு. படிவத்தில் நேரத்துக்கு ஒரு கட்டம், நடக்கிற எட்டுக்கு ஒரு கட்டம், ஆளுக்கு ஒரு கட்டம் உண்டு. மிச்சமான ஆளை என்ன செய்வது என்பதற்குக் கட்டம் கிடையாது. அதனால் அடித்துவிட்டேன். அடித்தது எனக்கு நினைவிலேயே இல்லை.

அவருக்குப் படிக்கத் தெரியாது. வரப்பில் நின்றபடி அந்த வரியை வாசித்துக் காட்டினேன். கோட்டையும், ஓரத்துக் குறிப்பையும் சேர்த்து. இந்த வயதில் இதைப்போல ஒன்றை நான் வாய்விட்டுப் படித்ததில்லை. கேட்டுவிட்டு அவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகையை அடக்கிக்கொண்டு பேசினார்.

தனபாக்கியம் வேலை போன பிறகு புருஷனோடு வடக்கே அறுவடைக் கூலிக்குப் போய்விட்டாள். நெல்லூர்ப் பக்கம் என்பதைத் தவிர எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. தன் பெண்ணின் பிழைப்பைக் கெடுத்தவள் என்று மாமியார் கன்னியம்மாளை வீட்டை விட்டு அனுப்பிவிட்டார். பலகையில் பெயர் இருக்கிறதே, எல்லோரும் பார்த்திருக்கிறார்களே. கணவர் அம்மா பேச்சைத் தட்டுகிறவர் இல்லை.

“எங்க மாமியாரு சொல்லிட்டாங்க. தனம் என்னிக்கு இந்த ஊட்டு வாசல்ல கால வைக்கிறாளோ அன்னிக்குத்தான் நீயும் வைக்கணும்னு.”

கும்மிடிப்பூண்டி விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். முதலில் அந்த நாலு பேருக்கும் அவர்கள் இடம் திரும்பக் கிடைக்கட்டும், அதற்கப்புறம் நான் வருகிறேன் என்றார். என் மேல் இரக்கப்பட்டு அவர் வருவதாக யாரும் நினைக்க வேண்டாம். அங்கே இருக்கிற பதினைந்து பேருக்காகத்தான் வருவதாகச் சொன்னார்.

மூன்றாம் நாள் பயணம் மிகச் சின்னது. வீட்டிலிருந்து ஜார்ஜ் டவுன், டிராமையே நிறுத்திவிட்டதால் பஸ், ஓர் அணா. ஆனால் ஆறு நாளில் அதுதான் எனக்கு நீளமான பயணம். முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பீரோவைத் திறந்து என் ஆவணிப் படிவத்தை எடுத்து மேஜையில் வைத்து, கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

“இதுல இருக்கிற கையெழுத்து யாருது?”

என்னுடையது என்றேன். அதன் பின்பக்கத்தில், கட்டமில்லாத வெற்று இடத்தில், நான் எழுதியது பாதி என்றும், மறுபாதியை நானே அடித்தேன் என்றும், நனைந்த நெல்லுக்குக் காரணம் களத்துப் பெண்கள் அல்ல, இந்தப் படிவம்தான் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கண் முன்னாலேயே அவர் இரண்டு தரம் படித்தார். நல்ல மனசு உடனே சுரந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். தை அறுவடை நெல் வண்டி வண்டியாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது, களத்தில் ஆள் போதவில்லை, ஐப்பசி மழையும் அவருக்கு மறந்திருக்கவில்லை. நால்வரையும் திரும்ப எடுக்கச் சம்மதித்தார். இனி வேலைமுறையைத் திருத்துவதால் எந்த ஆலையிலும் ஆளை நிறுத்துவதில்லை, மிச்சமாகும் கையை அந்தக் களத்திலேயே வேறு வேலைக்கு வைத்துக்கொள்வது என்றும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அடுத்த தடவை உன்னை அனுப்புவதா என்று யோசிக்க வேண்டும் என்பதையும் சொன்னார். நியாயம்தான்.

நான்காம் நாள் மறுபடி திருவள்ளூர். திருவாலங்காட்டில் பேசி வைத்தபடி கன்னியம்மாளின் அண்ணனும் காலை வண்டியில் அங்கே வந்து சேர்ந்தார். வேலை போன மற்ற மூன்று பெண்களின் வீட்டுக்கும் அவரும் நானும் நடந்தே போனோம். மறுநாளும் நான் போய்ப் பார்த்தேன், மூவரும் களத்துக்கு வந்துவிட்டார்கள். ஒருத்தி என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். தனபாக்கியத்தின் வீட்டில் பூட்டுத் தொங்கியது. அவள் இடத்தில் வேறு யாரையும் வைக்கக் கூடாது என்று மேஸ்திரியிடம் காகிதத்தைக் காட்டிச் சொன்னேன். கரும்பலகையைக் கழற்றி நானே கழுவினேன்.

ஆறாம் நாள் கன்னியம்மாளும் அவர் அண்ணனும் திருவாலங்காட்டிலிருந்து கிளம்பிவந்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி போகிறவர்கள் சென்ட்ரல் வரை போக வேண்டியதில்லை. பேசின் பிரிட்ஜில் இறங்கி வடக்கே போகும் வண்டிக்கு மாறிக்கொள்ளலாம். ஆனால் அங்கே ஒன்றரை மணி நேரம் காத்திருக்க நேரும், நிழல் குறைவு. நான் அங்கே போய் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். ஒரு காலை முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தும் கன்னியம்மாள் என்னிடம் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டார். எண்ணூர்ப் பாலத்தில் மட்டும், இம்மாம் தண்ணியா என்றார். அதுவும் அண்ணனிடம்தான்.

களத்தில் பதினைந்து பேரும் வேலையை நிறுத்திவிட்டு நிழலில் கூடினார்கள். முதலாளியின் காகிதத்தைப் படித்தேன். யார் முகத்திலும் ஓர் அசைவும் இல்லை. காகிதத்தை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். கன்னியம்மாள் எழுந்து நின்றார். நான் பக்கத்திலேயே நின்றேன், நகர்ந்துகொள்ள இடமில்லை.

“இவுரு கெட்டவரு இல்ல. ஆனா நான் சொன்னதுல பாதிய எழுதினாரு, பாதிய அடிச்சிட்டாரு. அந்தப் பாதில நாலு ஊடு போச்சு, என் ஊடும் போச்சு. நீங்க சொல்லுங்க. சொல்லாம இருந்தா நூறு எட்டு கூட நடந்து தலைல சொமந்துக்கினே கெடக்க வேண்டிதுதான். ஆனா சொல்லி முடிச்சதும் எழுதினத படிச்சுக் காட்டச் சொல்லுங்க. நீங்க சொன்னது அத்தினியும் அதுல இருக்குதான்னு கேளுங்க. படிச்சுக் காட்டாம இவுர எழுந்து போவ வுடாதீங்க.”

உட்கார்ந்துவிட்டார். பிறகு நாகம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பாய்லர் கொட்டகைக்குப் பின்னால் சாம்பல் குவித்திருக்கிறார்கள், அதை அள்ளிவிட்டால் சுற்றாமல் நேரே வரலாம், மத்தியானத்துக்கு மேல் அந்தப் பக்கம் நிழலும் இருக்கும், நெஞ்சு அடைக்காது என்றார். எழுதினேன். படித்துக் காட்டினேன்.

“நெழல வுட்டுட்டீங்களே” என்றார் நாகம்மா.

விட்டிருந்தேன். சாம்பல் இருந்தது, குறையும் எட்டு இருந்தது, நிழல் இல்லை. சேர்த்து எழுதி மறுபடி படித்தேன். சரி என்றார். அன்று மாலைக்குள் பதினோரு யோசனை. ஒவ்வொன்றையும் படித்துக் காட்டியதில் ஏழில் எதையாவது விட்டிருந்தேன். எதையும் வேண்டுமென்று விடவில்லை. எனக்கு வேண்டியது மட்டும்தான் என் காதில் விழுந்துகொண்டிருந்தது. ஐந்து மாதமாக இந்தத் தொழிலைத் தெரிந்தவன் என்று திரிந்திருக்கிறேன்.

இனி, போகப்போகிறவர்களுக்கு. சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு 6.40 வண்டியே நல்லது. அடுத்ததில் போனால் களம் சூடேறிவிடும், பெண்களுக்கு நின்று பேச நேரமிருக்காது. சாப்பாட்டுக்குப் பொன்னேரி, அல்லது வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போங்கள். திரும்புவதற்கு 5.10ஐ விட்டால் அடுத்ததற்கு ஏழரை ஆகும். திருவள்ளூர், திருவாலங்காடு இரண்டையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம், சாயங்காலம் கோயிலுக்கும் போகலாம். நிறுத்தும் கடிகாரத்தை முதல் நாள் பையிலேயே வைத்திருங்கள். அச்சடித்த படிவம் போதாது, கட்டமில்லாத வெள்ளைத் தாள் எடுத்துப் போங்கள். ஒரு யோசனையை நடைமுறைக்குக் கொண்டுவந்தால் அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் போய்ப் பாருங்கள். நான் போயிருந்தால் புரட்டாசியிலேயே தெரிந்திருக்கும். யார் பெயரையும் சுவரில் எழுதாதீர்கள், அவர்களைக் கேட்காமல்.

உங்களில் சிலர் கும்மிடிப்பூண்டியோடு நிற்காமல் அதே வண்டியில் வடக்கே சூலூர்பேட்டை, நாயுடுபேட்டை, கூடூர் என்று போவீர்கள். வழியில் அறுவடைக் கூட்டங்கள் தங்கியிருக்கும். அங்கே தமிழ் பேசுகிற பெண்களைப் பார்த்தால் தனபாக்கியம் என்று ஒருத்தி இருக்கிறாளா என்று கேளுங்கள். இருபத்தைந்து வயதிருக்கும். இடது முழங்கையில் ஆவி பட்ட தழும்பு உண்டு. திருவள்ளூர் ஆலைக் களத்தில் அவள் இடம் அப்படியே இருக்கிறது, வேறு யாரையும் வைக்கவில்லை என்று சொல்லுங்கள். வேலையைக் கெடுத்தது அவள் அண்ணி அல்ல, படிவம் எழுதிய நான்தான் என்றும், அவள் வீடு திரும்பினால்தான் அண்ணியும் திரும்ப முடியும் என்றும் சொல்லுங்கள். கையில் ஒரு பென்சில் இருக்கட்டும். அவள் என்ன சொல்கிறாளோ, என்னைத் திட்டினால் அந்தத் திட்டையும் சேர்த்து, ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டு வாருங்கள்.